தீவட்டியில் இருந்து செல்போன் வரை: பாரதக் கூத்தும் பறிபோகும் கவனமும்

ஒரு மேசை. சுற்றி ஐந்தாறு பேர். கையில் தாளும் பென்சிலும், நடுவில் விதவிதமான பகடைக்காய்கள். ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் வாளை உருவுகிறேன்" என்று தங்கள் பாத்திரமாகவே பேசுவார்கள். முடிவு பகடையில் விழும் எண்ணைப் பொறுத்தது. மேலைநாட்டில் இதற்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர். தமிழில் வேஷ விளையாட்டு என்று சொல்லலாம்.

இந்த விளையாட்டுக்காரர்களிடம் பல வருஷமாக ஒரு புலம்பல் உண்டு. மேசைக்கு லேப்டாப்பும் செல்போனும் வந்த பிறகு யாருக்கும் கவனம் இல்லை என்பதுதான் அது. தன் முறை வரும் வரை ஒருவர் மெசேஜ் பார்க்கிறார், இன்னொருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார். முறை வந்ததும், "என்ன ஆச்சு, இப்ப நாம எங்க இருக்கோம்?" என்று கேட்கிறார். கதை சொல்பவருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சரி, அமெரிக்கக்காரன் மேசைக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூர் இருக்கிறது. கிளியனூரைச் சுற்றியுள்ள பழைய தென்னார்க்காட்டு மண்ணில் இதைவிடப் பெரிய வேஷ விளையாட்டு ஒன்று தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அதற்கு மேசை கிடையாது, ஊர்த் தெருவும் கோயில் திடலும்தான் களம். அதிலும் பகடை உண்டு. ஆனால் அதை உருட்டுவது சகுனி!

அதுதான் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. செல்போனுக்கு ரொம்ப காலம் முன்பே கருவிகள் ஒவ்வொன்றாக இதற்குள் நுழைந்து கவனத்தைக் கலைத்தும் இருக்கின்றன, காப்பாற்றியும் இருக்கின்றன. அந்த வரலாற்றைப் பார்த்தால் மேசைக்காரர்களின் புலம்பலுக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

முதலில் மேசைக் கதை

1824-ல் ஜார்ஜ் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி, ராணுவப் பயிற்சிக்காகப் போர் விளையாட்டு ஒன்றைச் சீர்படுத்திக் கொடுத்தார். வரைபடம், பகடை, தீர்ப்பு சொல்ல ஒரு நடுவர். அதில் தனி மனிதர் என்று யாரும் இல்லை, படைகள்தான் நகரும்.

1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் இதில் ஒரு மாற்றம் செய்தார். பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்துக்கொண்டு, விளையாட வந்தவர்களுக்குப் படைகளோடு தனித்தனி ஆள் வேஷங்களும் கொடுத்தார். என்ன நடந்தது தெரியுமா? போரை விட்டுவிட்டு அவரவர் மூலைக்கு மூலை போய் ரகசியம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். விளையாட்டு கெட்டுப்போனது என்றுதான் வெஸ்லி நினைத்தார். ஆனால் வந்தவர்கள் திரும்பவும் அதையே கேட்டார்கள்! அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்ன்சனும், கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் பதிப்பு ஆயிரம் பிரதிகள்தான்.

கவனம் சிதறியது என்று நினைத்த இடத்தில்தான் ஒரு புதிய விளையாட்டே பிறந்திருக்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நம்ம ஊருக்கு வரலாம்.

பாரதம் என்னும் வேஷ விளையாட்டு

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை வைத்துக் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக வரும். சில ஊரில் பத்து நாள், சில ஊரில் அதற்கும் மேல். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் மூல இடமாகச் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பகுதியில் ஊர் ஊராகச் சுற்றி, 1988-லும் 1991-லும் திரௌபதி வழிபாடு பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூல் 1990-ல் வந்தது. டேப் ரெக்கார்டரும் கேமராவும் இல்லை என்றால் இந்த நூல்கள் இவ்வளவு விவரமாக வந்திருக்காது. கருவி கெடுத்தது என்று மட்டும் சொல்ல முடியாது என்பதற்கு இதுவே முதல் சாட்சி.

கூத்தின் அமைப்பைக் கவனித்தால் மேசை விளையாட்டின் எல்லா அங்கமும் தெரியும். இரண்டு பேர் ஒரு திரைச்சீலையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் இருந்து வேஷம் களரிக்குள் வரும். வந்தவுடன் தான் யார், எந்த நாட்டு ராஜா, என்ன பெருமை என்று தன்னைப் பற்றித் தானே, வேறு ஒருவரைச் சொல்வது போலப் பாடும். மேசையில் பாத்திரத்தின் குணநலன்களை எழுதி வைத்திருக்கும் தாள் செய்யும் வேலையை இங்கே பாட்டு செய்கிறது.

நடுவர் வேலையைக் கட்டியங்காரன் பார்த்துக்கொள்கிறார். கதைக்குள்ளும் இருப்பார், வெளியிலும் இருப்பார். ராஜாவிடம் கேள்வி கேட்பார், ஜனங்களிடம் வம்பு இழுப்பார், தூங்குகிறவனை எழுப்பிவிடுவார், கதை எங்கே நிற்கிறது என்று ஞாபகப்படுத்துவார். பின்பாட்டுக்காரர்கள், மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட்.

முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. மேசையில் பகடை என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது. கூத்தில் எல்லாருக்கும் தெரியும். தருமர் தோற்பார், பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்படுவாள், கர்ணன் சாவான். முடிவு தெரிந்த கதைக்கு விடிய விடிய ஒரு ஊரை உட்கார வைப்பது எப்படி? கூத்தின் முழுத் திறமையும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

கருவி வரும் முன்பே கவனம் சிதறியது

"அந்தக் காலத்தில் ஜனங்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்" என்பது பாதிதான் உண்மை. கூத்து ராத்திரி ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கிக் காலையில் முடியும். குழந்தைகள் கோணிப்பையிலும் பாயிலும் தூங்கும். பெரியவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்ப்பார்கள். ஓரத்தில் டீ, முறுக்கு, சுண்டல் வியாபாரம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசுவதும் பங்காளிச் சண்டையும்கூட அங்கேயே நடக்கும்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் அன்பளிப்பு. வேஷம் பிடித்துப் போனால் ஊர்க்காரர் எழுந்து வந்து சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார். உடனே பாட்டை நிறுத்தி, கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தொகை எல்லாம் சொல்லி வாழ்த்த வேண்டும். துரியோதனன் போர் அறிவிக்கும் நேரத்தில் இருபது ரூபாய்க்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார் :)

கூத்து இதையெல்லாம் தடுக்கப் பார்க்கவில்லை, கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரே செய்தியை விருத்தமாகப் பாடி, தருவாகப் பாடி, வசனமாகவும் சொல்வார்கள். நடுவில் தூங்கி எழுந்தவனும் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு புது வேஷமும் திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தத்தோடு வருவதால் தூங்கியவன் அந்தச் சத்தத்திலேயே விழித்துக்கொள்வான். சிதறும் கவனத்தை வைத்துக்கொண்டே நடத்தக் கற்ற கலை இது.

வெளிச்சம் மாறியது

முதலில் தீவட்டி. எண்ணெயில் நனைத்த துணிப்பந்தம். அதன் வெளிச்சம் கொஞ்ச தூரம்தான் எட்டும். வேஷத்தின் முகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நகர வேண்டும். மரக்கட்டையில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் அந்த ஆடும் வெளிச்சத்துக்காகவே செய்யப்பட்டவை மாதிரி மின்னும். சுற்றிலும் இருட்டு. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் கண் தானாக நடுவுக்குப் போகும்.

அடுத்து பெட்ரோமாக்ஸ். பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் கம்பெனி 1910 வாக்கில் கொண்டுவந்த விளக்கு. அவர் பெயரில் உள்ள மாக்ஸ்தான் பெட்ரோமாக்ஸில் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் காஸ் லைட் என்பார்கள். வைதேகி காத்திருந்தாள் (1984) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் அதன் மேண்டிலை வைத்து அடித்த கூத்து எல்லாருக்கும் தெரியும்!

காஸ் லைட் வந்ததும் களரி அகலமானது. இருபதடி தள்ளி உட்கார்ந்தவனுக்கும் முகம் தெரிந்தது. ஆனால் அந்த விளக்குக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. நேரத்துக்கு நேரம் பம்ப் அடிக்கணும், மண்ணெண்ணெய் ஊற்றணும், மேண்டில் உடைந்தால் மாற்றணும். வெளிச்சம் மங்கினால் கூட்டமே குரல் கொடுக்கும். கருவி வந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஊர்க்காரன் கையில்தான் இருந்தது. பிறகு கிராமங்களுக்கு மின்சாரம் வந்து டியூப் லைட் எரிந்தது. சுவிட்சைப் போட்டால் போதும், யாருக்கும் வேலை இல்லை. களரியோடு சேர்த்துக் கூட்டமும் வெளிச்சத்துக்கு வந்தது. யார் வந்திருக்கிறார், யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க முடிந்தது. கண்ணுக்கு முதல் முறையாக வேறு வேலை கிடைத்தது.

மைக் வந்தது

ஒலிபெருக்கி வந்ததுதான் பெரிய மாற்றம். அதற்கு முன் கூத்தாடியின் தொண்டைதான் எல்லாம். உச்ச ஸ்தாயியில் பாடி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி இரவு முழுக்கத் தாக்குப்பிடிக்க வேண்டும். கேட்கிறவர்களும் கிட்டே நெருங்கி வட்டமாக உட்கார வேண்டும். சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவனே அதட்டுவான், ஏனென்றால் அவனுக்குக் கேட்காது.

மைக் வந்ததும் மூன்று விஷயம் நடந்தது. தொண்டைக்கு ஓய்வு கிடைத்தது. இது பெரிய நன்மை, மறுக்க முடியாது. ஆனால் களரியில் சுற்றி ஆடியவர் பாட்டு வரும்போது மைக்குக்கு வந்து நிற்க வேண்டியதானது. மேலே கயிறு கட்டி மைக்கைத் தொங்கவிட்ட இடங்களிலும் அதன் கீழேயே நிற்க வேண்டும். வட்டமாக இருந்தது மெல்ல ஒரு பக்கம் பார்க்கும் மேடையாக மாறியது. மூன்றாவதாக, கூத்தைக் கேட்க களரிக்கு வரவே வேண்டாம் என்றானது. வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டே கேட்கலாம். பக்கத்து ஊரிலும் கேட்கும்.

மைக்கால் கவனம் கலையவில்லை, ஆனால் கவனிப்பது விருப்பம் என்று ஆகிவிட்டது. முன்பு கேட்க வேண்டுமானால் வரவேண்டும், வந்தால் அமைதியாக இருக்க வேண்டும். இப்போது இரண்டும் தேவையில்லை. பேசுகிறவன் சத்தத்தைவிட மைக் சத்தம் பெரிது, ஆகவே அவனை அதட்டவும் ஆள் இல்லை.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் பிறகு வந்தது. மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. அதன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் மொத்தம் 15 நாள்தான். 2005-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இது தேவையான விதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கூத்து தொடங்கும் நேரமே பத்து மணி! தொண்டையால் பாடிய காலத்தில் இந்த விதி இருந்திருந்தாலும் கூத்தைத் தொட்டிருக்காது. மைக் இல்லாமல் ஆட முடியாது என்ற நிலை வந்த பிறகு, ஒலிபெருக்கிக்குப் போட்ட விதி கூத்துக்கே போட்ட விதியாகிவிட்டது. விடிய விடிய ஆட காவல் நிலையத்தின் தயவும் வேண்டும். ஒரு கருவியை இரவல் வாங்கினால் அதன் கடனும் சேர்ந்து வரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

டெக், டிவி, செல்போன்

எண்பதுகளில் திருவிழா என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடும் வழக்கம் வந்தது. கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுப்பதைவிட இது சல்லிசு. அதே பாரதம் 1988 அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் தயாரிப்பாக வந்தது. இந்தி புரியாத வீட்டிலும் பார்த்தார்கள், ஏனென்றால் கதை தெரியும். கூத்து இத்தனை காலம் நம்பியிருந்த அதே பலத்தை டிவி எடுத்துக்கொண்டது. 2006-ல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கிய பிறகு, பெட்டி இல்லாத வீடு என்பது அபூர்வமானது.

பொருளாதாரத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று படிக்கிறோம் அல்லவா? ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் மதிப்பு. பழைய காலத்தில் ஒரு இரவு கூத்து பார்ப்பதன் வாய்ப்புச் செலவு ஒரு இரவுத் தூக்கம், அவ்வளவுதான். டிவி வந்ததும் அது கூடியது. செல்போன் வந்ததும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் தனித்தனியாக ஒரு விலை வந்துவிட்டது. தகவல் பெருகப் பெருக கவனம் பற்றாக்குறை ஆகும் என்று ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே எழுதினார். அவர் சொன்னது நிறுவனங்களுக்கு. திரௌபதி கோயில் திடலுக்கும் பொருந்தும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்!

செல்போன் கூத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. முதலாவது எல்லா இடத்திலும் உள்ளதுதான், குனிந்த தலைகள். இரண்டாவது வேடிக்கையானது. கூத்தையே படம் பிடிப்பது. இந்த வட்டாரக் கூத்துகள் முழு இரவு நீளத்துக்கு யூடியூபில் கிடைக்கின்றன. சென்னையில் வேலை பார்ப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் சொந்த ஊர்க் கர்ண மோட்சத்தைப் பார்க்கலாம். மேசை விளையாட்டிலும் இதே கதைதான். 2012-ல் ரோல்20 என்ற இணைய மேசை வந்தது. 2015-ல் கிரிட்டிகல் ரோல் என்ற நிகழ்ச்சி, சிலர் விளையாடுவதைப் பலர் இணையத்தில் பார்க்கும் வழக்கத்தைப் பெரிதாக்கியது. 2020-ல் கொரோனா வந்தபோது பல மேசைகள் அப்படியே இணையத்துக்கு மாறித் தப்பித்துக்கொண்டன.

கூத்தால் அப்படி மாற முடியவில்லை. ஊரடங்கு 2020 மார்ச் கடைசியில், அதாவது சரியாகக் கூத்து சீசன் தொடங்கும் பங்குனியில் வந்தது. அடுத்த வருஷமும் அதே மாதிரி சித்திரை, வைகாசி போனது. பங்குனி முதல் ஆடி வரை சம்பாதித்து மீதி மாதங்களை ஓட்டுகிற குடும்பங்களுக்கு இரண்டு சீசன் போனால் என்ன மிச்சம்? பழைய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதில் ஆடியவருக்கு அன்று இரவு சட்டையில் குத்த யாரும் இல்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது

வில்லியம் பௌமோல், வில்லியம் போவன் என்ற இருவர் 1966-ல் நிகழ்த்து கலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் அதிகம் செய்வான், கூலியும் ஏறும். ஆனால் நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆகவே மற்ற செலவோடு ஒப்பிட்டால் கலையின் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்பது அவர்கள் வாதம்.

கூத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். பதினைந்து பேர், ஒரு லோடு சாமான், ஒப்பனைக்கே மணிக்கணக்கில் நேரம், ஒரு முழு இரவு. டியூப் லைட்டோ மைக்கோ யூடியூபோ இதில் ஒரு ஆளையும் குறைக்கவில்லை, ஒரு மணி நேரத்தையும் மிச்சம் பிடிக்கவில்லை. பார்க்கிறவர் எண்ணிக்கை கூடியது, ஆடுகிறவர் பங்கு கூடவில்லை. அதனால்தான் பல இடங்களில் முழு இரவுக் கூத்து இரண்டு மணி நேர மேடை நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது எது? திரும்பத் திரும்பப் பாடுவதும் கட்டியங்காரனின் வம்பும்தான். கவனம் சிதறினாலும் பிடித்து இழுத்து வர வைத்திருந்த கருவிகளையே முதலில் வெட்டுகிறார்கள்.

போன் பைக்குள் போகும் நேரம்

இவ்வளவுக்கும் பிறகு ஒரு விஷயம் மாறவில்லை. பாரதத்தில் சில இடங்கள் உண்டு, அங்கே எந்தக் கருவியும் ஜெயிப்பதில்லை.

பகடைத் துகில் அன்று துச்சாதனன் சேலையைப் பற்றும் முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேஷம் கட்டியவர், இது வேஷம்தான், தாயே மன்னித்துக்கொள் என்ற பொருளில் அம்மனை வேண்டிக்கொண்டுதான் கை வைப்பார். கூட்டத்தில் சாமி வரும். வேஷம் கட்டியவருக்கே வருவதும் உண்டு. மேசை விளையாட்டில் பாத்திரத்தை மறந்துவிடுவதுதான் பிரச்சினை. இங்கே பாத்திரத்தில் அளவுக்கு மேல் மூழ்கிவிடாமல் இருக்கத்தான் சடங்கே வைத்திருக்கிறார்கள்!

அர்ச்சுனன் தபசு அன்று பனை உயரத்துக்கு நட்ட மரத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலே இருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் விழும். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடி ஏந்தி நிற்பார்கள். இரண்டு கையும் முந்தானையைப் பிடித்திருக்கும்போது செல்போனை எதில் பிடிப்பது?

படுகளத்தன்று தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பார். பீமன் தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் நெருப்பில் இறங்குகிறார்கள். அங்கே பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. ஊரே வேஷம் கட்டியிருக்கிறது.

ஊர் என்று சொல்லும்போது ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த ஊரில் எல்லாருக்கும் இடம் கிடைத்ததில்லை. விழுப்புரம் அருகே மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்த தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கு சீல் வைக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 மார்ச்சில்தான் பூஜைக்காகத் திறந்தார்கள். செல்போனால் களரியை விட்டு விலகியவர்களைப் பற்றிக் கவலைப்படும் ஊர், தானே வாசலில் நிறுத்தி வைத்தவர்களைப் பற்றியும் கவலைப்பட்டால்தான் அந்தக் கவலைக்கு மரியாதை.

ஆக மொத்தம்

தீவட்டிக்கு ஆள் வேண்டும், காஸ் லைட்டுக்கு ஆள் வேண்டும். தொண்டைக்கு எதிரில் அமைதியாக உட்காரும் வட்டம் வேண்டும். டியூப் லைட்டுக்கும் மைக்குக்கும் யாரும் வேண்டாம். ஒவ்வொரு கருவியும் ஊர்க்காரனிடம் இருந்து ஒரு வேலையைப் பிடுங்கிக்கொண்டது. வேலை போனவன் பார்வையாளன் ஆனான். பார்வையாளனின் கை சும்மா இருக்காது, எதையாவது தேடும். அந்த நேரத்தில் செல்போன் கிடைத்தது, அவ்வளவுதான். மடி ஏந்துவதும் காப்புக் கட்டுவதும் தீ மிதிப்பதும் இன்னும் அவனுடைய வேலையாகவே இருக்கிறது. அந்த இடங்களில் கவனமும் அப்படியே இருக்கிறது.

மேசை விளையாட்டுக்காரர்களுக்கும் இதுதான் பதில். மேசையில் போனைத் தடை செய்வது சுலபம். ஆனால் போன் வெளியே வருவது எப்போது? தன் முறை முடிந்து அடுத்த முறை வரும் வரை ஒன்றும் செய்ய இல்லாதபோது. அந்த இடைவெளியில் அவருக்கு ஒரு வேலை கொடுக்க முடிந்தால் தடையே தேவைப்படாது. வெஸ்லியின் ஆட்டத்தில் மூலைக்கு மூலை போய் ரகசியம் பேசினார்களே, அவர்கள் யாரும் சலிப்பில் போகவில்லை. ஒவ்வொருவருக்கும் செய்ய ஒரு காரியம் இருந்தது.

கூத்துக்கு உதவ நினைக்கிறவர்களும் இதை யோசிக்கலாம். நல்ல மைக் செட், நல்ல லைட், நல்ல வீடியோ எல்லாம் வரட்டும், தப்பில்லை. ஆனால் அடுத்த பங்குனியில் கிளியனூர்ப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் திரைச்சீலை விரியும்போது, அதைப் பிடிக்க ஊர்ப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிடுவார்களா? அந்த இரண்டு பேரின் கையிலாவது போன் இருக்காது.